லென்ஸ் மங்கவில்லை தம்பி

என் அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் நலம். நீயும் மருமகளும் நலமா என்று அறிய ஆவல் என்றுதான் எப்போதும் எழுதுவேன், இந்தத் தடவை ஆவல் என்று எழுதக் கை வரவில்லை, பயமாகத்தான் இருக்கிறது, அதனால் பயம் என்றே எழுதுகிறேன். மருமகளின் சித்தப்பா சனிக்கிழமை விமானம் ஏறுகிறார், அவர் கையில் லென்ஸையும் இந்தக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புகிறேன். நீ பெட்டியைத்தான் முதலில் பிரித்திருப்பாய், பொட்டலத்தைப் பார்த்தால் உனக்குக் கை பரபரக்கும் என்பது எனக்குத் தெரியாதா. பிரித்துப் பார்த்துவிட்டு, பெரியதைத்தானே கேட்டேன், அம்மா மாற்றி அனுப்பிவிட்டாளே என்று நினைத்திருப்பாய். மாற்றி அனுப்பவில்லை தம்பி. தெரிந்துதான் சின்னதை அனுப்பியிருக்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம் எழுதுகிறேன். மருமகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி, முடிந்தால் அவளையே வாய்விட்டுப் படிக்கச் சொல், நீ தனியாகப் படித்தால் பாதியில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வாய். போனில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை சிரித்தாய். இரண்டாம் தடவை எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அப்பா நினைப்பில் அழுகிறேன் என்று நீ ஆறுதல் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். கடிதம் என்றால் குறுக்கே பேச முடியாது பார்.

அப்பா போய் இந்த வாரத்தோடு எட்டு மாதம் ஆகிறது. அவர் போட்டோ ஸ்டுடியோவைக் காலி செய்து கொடுத்துவிட்டேன், அங்கே இப்போது ஒரு தையல்காரர் மிஷின் போட்டிருக்கிறார். பின்னால் தொங்கிய நீலத் துணியை என்ன செய்வது என்று கேட்டார், வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன், துணி மாற்றிப் பார்க்கிற மூலைக்கு அதைத்தான் திரையாகக் கட்டியிருக்கிறார். அந்த வழியாகப் போகும்போது நான் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நடந்துவிடுவேன். சாமான் பாதி வீட்டுக்கு வந்துவிட்டது, உன் அறையில் கட்டிலைத் தவிர மற்ற இடமெல்லாம் விளக்கும் கம்பியும்தான். அத்தை வந்து இரண்டு மாதமாக என்னோடு இருக்கிறாள். நீ அவளுக்கு ரேடியோ என்று பேர் வைத்தது சும்மா இல்லை, காலையில் பல் விளக்கும்போது தொடங்கினால் படுக்கிற வரை நிலையம் மாறுமே தவிர நிற்காது. ஆனால் அந்த ரேடியோ இல்லாவிட்டால் இந்த வீட்டில் கடிகாரம் மட்டும்தான் சத்தம் போடும், ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, கூடவும் இல்லை குறையவும் இல்லை. மருமகளுக்குக் கால் வீக்கம் வடிந்ததா. இடது பக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொல், படி ஏறி இறங்குவதைக் குறைக்கச் சொல், பசிக்கவில்லை என்று சொன்னாலும் கொஞ்சம் கொஞ்சமாக எதையாவது கொடுத்துக்கொண்டே இரு. இன்னும் ஐந்து வாரம்தான். நினைத்தால் ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் ராத்திரி தூக்கம் இல்லை.

லென்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். குழந்தை பிறந்த அன்றே படம் எடுக்க வேண்டும், பச்சைக்குழந்தை முகத்தில் பிளாஷ் அடிக்க மனசு வராது, அறையில் இருக்கிற வெளிச்சத்திலேயே எடுக்க வேண்டும், என்னிடம் உள்ள லென்ஸ் மங்கிவிட்டது, பூஞ்சை பிடித்திருக்கும் போல, முன்னே மாதிரி தெளிவாகப் பார்த்து போகஸ் வைக்க முடியவில்லை, அப்பாவிடம் இருந்த இரண்டு ஐம்பது எம்எம் லென்ஸில் ஒன்றை அனுப்பு, பெரியதாக இருந்தால் நல்லது, எதற்கும் கேமரா பழுது பார்க்கிற திருப்புளி மாமாவிடம் காட்டிவிட்டு அனுப்பு என்று எழுதியிருந்தாய். அப்பாவின் ஐம்பதுகளை எனக்குத் தெரியும். சின்னது எலுமிச்சம்பழம் அளவு, பெரியது மாதுளம்பழம் அளவு. ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்பக்கம் மட்டும்தான். ஆள் வந்து உட்காருவதற்கு முன்னால் என்னைத்தான் முக்காலியில் உட்கார வைத்து விளக்கைத் தள்ளுவார், இழுப்பார், போகஸ் பார்ப்பார். முப்பத்தொரு வருஷம் கேமராவுக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு நாளும் பின்னால் நின்று பார்த்ததில்லை. எது நல்லது என்று நான் எப்படிச் சொல்வேன். அதனால் இரண்டையும் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு திருப்புளி மாமாவின் கடைக்குப் போனேன். மாடிப்படிக்கு அடியில் அதே பொந்துதான், அதே மேஜை விளக்கு, ஒரு கண்ணில் பூதக்கண்ணாடி, இன்னொரு கண்ணில் என்னைப் பார்த்தார். பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார், தலை இடித்தது, அவருக்கு வலித்த மாதிரியே தெரியவில்லை, உட்காரு தங்கச்சி என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

இரண்டு லென்ஸையும் கழற்றி, டார்ச் அடித்து, வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒன்று மாற்றி ஒன்று கேமராவில் போட்டு அலமாரியில் இருந்த எண்ணெய்ப் புட்டியைப் படம் எடுத்துக் காட்டினார். இரண்டும் பழுது இல்லை, கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை என்றார். சின்னது ஒன்று புள்ளி நாலு, பெரியது ஒன்று புள்ளி இரண்டு, எண் குறையக் குறைய லென்ஸின் வாய் அகலம், வெளிச்சம் கூட உள்ளே வரும் என்று எனக்கு விளக்கினார். எவ்வளவு கூட என்று கேட்டேன். இரண்டு ஜன்னல் திறந்திருக்கிற அறையில் இன்னொரு ஜன்னலைத் திறந்தது போல, அவ்வளவுதான், அதற்கு மேல் இல்லை என்றார். ஆனால் அந்த ஒரு ஜன்னலுக்குப் பெரியது வாங்குகிற கூலி அதிகம் என்றார். முழுசாகத் திறந்து வைத்தால் இமை முடி தெளிவாக இருக்கும், காது பஞ்சாகிவிடும், ஒரு விரல் அளவு முன்னே பின்னே போனாலும் படம் போச்சு, கையைக் காலை உதறிக்கொண்டே இருக்கிற குழந்தையை அதில் பிடிப்பது லேசு இல்லை, கனமும் இரண்டு பங்கு. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், "ஒரு கையில பிள்ளை, இன்னொரு கையில செங்கல்லா? சின்னதே போதும்னு சொல்லு தங்கச்சி." இதோடு அவர் நிறுத்தியிருந்தால் நான் சின்னதைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

என் மகனுடைய லென்ஸும் மங்கிவிட்டதாம், பூஞ்சை பிடித்தால் துடைக்க முடியுமா என்று பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டார். ரெண்டரை வருஷத்துக்கு முன்னால் உன் வீட்டுக்காரரும் இதே சின்னதைக் கொண்டு வந்து மங்கிவிட்டது என்றுதான் சொன்னார் என்றார். அன்றைக்கு முழு லென்ஸையும் பிரித்து ஒவ்வொரு கண்ணாடியாகத் துடைத்து, வெளிச்சம் அளக்கிற மீட்டரையும் வைத்துப் பார்த்தாராம், ஒரு புள்ளி குறைவு இல்லை, சுனைத் தண்ணீர் மாதிரி இருந்ததாம். லென்ஸ் நல்லாத்தான் இருக்கு, நீங்க ஒரு தடவை கண்ணைக் காட்டுங்க என்று இவர் சொல்ல, அப்பாவுக்குக் கோபம் வந்து, முப்பது வருஷமாப் பார்க்கிற எனக்குத் தெரியாததா உனக்குத் தெரியும் என்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டாராம். அடுத்த மாதமே அந்தப் பெரியதை வாங்கிவிட்டார். அதற்குப் பிறகு அப்பா இவர் கடைப் படியே மிதிக்கவில்லை. நான் அவர்களுக்குள் வேறு என்னமோ மனத்தாங்கல் என்று நினைத்திருந்தேன். அப்பா அன்றைக்குச் சொன்ன வார்த்தையையும் அவர் மறக்கவில்லை, "முன்னே மாதிரி தெளிவாப் பார்த்து போகஸ் வைக்க முடியல." நீ எழுதியதும் அதேதான் தம்பி. எழுத்துக்கு எழுத்து அதேதான். அவர் டீ வாங்கி வரச் சொன்னார், கிளாஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே தவிரக் குடித்தேனா என்று ஞாபகம் இல்லை.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகப் பிஸ்கட் டப்பாவை எடுத்தேன். எந்த டப்பா என்று உனக்குத் தெரியும். லேபிலிருந்து பிரிண்ட் வந்ததும் கட்டரில் வைத்து ஓரம் வெட்டி ஆல்பத்தில் சேர்ப்பது என் வேலை, அந்தக் கட்டர் பக்கம் நீ வந்தால் முதுகில் ஒன்று வைப்பேன். வெட்டிய துண்டெல்லாம் நல்ல கெட்டிக் காகிதம், எறிய மனசு வராது, பின்பக்கம் கடைக்கு வாங்க வேண்டிய சாமானை எழுதிக்கொள்ள டப்பாவில் போட்டு வைப்பேன். பின்பக்கம் லேபுக்காரர் தேதியும் அடித்திருப்பார். அந்தத் துண்டுகளையெல்லாம் உன் கட்டிலில் கொட்டித் தேதி பார்த்து வரிசையாக அடுக்கினேன். அத்தை என்ன அண்ணி சீட்டாட்டமா என்றாள். பழைய துண்டுகளில் வெறும் நீலத் துணிதான் இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை. ரெண்டரை வருஷத்துக்கு இந்தப் பக்கம் வந்தால் ஒன்றில் முக்காலிக் கால், ஒன்றில் விளக்குக் கம்பி, ஒன்றில் துணி மாட்டுகிற கிளிப், ஒன்றில் குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டிருக்கிற என் கை. முக்கால்வாசி இடது பக்கத் துண்டுகள். கண்ணை வைத்துப் பார்க்கிற கேமரா ஜன்னல் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும், படத்தில் ஓரத்தில் ஒரு நூல் அளவு கூடுதலாகத்தான் வரும், அது எனக்குத் தெரியும். நூல் வேறு, முக்காலிக் கால் வேறு. ஓரத்தில் ஒரு தலைமுடி வந்தால்கூட மறுபடி எடுக்கிற மனுஷன் உன் அப்பா.

இது எனக்கு அப்போதே தெரியாமல் இல்லை தம்பி. அதுதான் என்னைத் தின்கிறது. ஒரு தடவை கேட்டேன், என்னங்க, ஸ்டாண்டு உள்ளே வந்திருக்கே என்று. படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "வெட்டத்தானே நீ இருக்கே" என்றார். அந்தக் குரலைக் கேட்ட பிறகு நான் மறுபடி வாயைத் திறக்கவில்லை. வயசாகிறது, கவனம் குறைகிறது, போகட்டும், யாருக்கும் தெரியாமல் நாம் சரிசெய்துவிடுவோம் என்று வெட்டிக்கொண்டே இருந்தேன். முன்னே கால் அங்குலம் வெட்டுவேன், பிறகு அரை அங்குலம், கடைசியில் ஒரு அங்குலம். போகஸ் தப்பினால் என்னைப் பார்த்து நீ அசைஞ்சுட்டே என்பார், நான் கல்லு மாதிரி உட்கார்ந்திருப்பேன், ஆனாலும் ஆமாங்க அசைஞ்சுட்டேன் என்பேன். புருஷன் மனசு நோகக் கூடாது என்று நினைத்தேன். ஒரு படம் கெட்டு, வாங்க வந்தவர் ஒருத்தர் முகத்தைச் சுளித்துத் திருப்பிக் கொடுத்திருந்தால் அவர் டாக்டரிடம் போயிருப்பார். கெட்டுப்போன ஒரு படமும் வெளியே போகாமல் நான் பார்த்துக்கொண்டேன். நல்லது செய்கிறோம் என்று நினைத்துக் கத்தியை வைத்துக்கொண்டு மறைத்தவள் நான்தான்.

உன் அத்தைக்கு இடது தோளில் எப்போதும் ஒரு ரத்தக்கட்டு இருக்கும். நிலைப்படியில் இடித்துக்கொள்வாள், கேட்டால் கதவுதான் குறுக்கே வருது அண்ணி என்பாள், நானும் சிரிப்பேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் அவளையும் ஒரு கைப்பிடித் துண்டுகளையும் எடுத்துக்கொண்டு கண் டாக்டரிடம் போனேன். சின்ன வயசு அம்மாள்தான், துண்டுகளை மேஜைமேல் பரப்பியபோது இந்தக் கிழவிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள், ஆனால் பொறுமையாகக் கேட்டாள். இறந்து போனவர் கண்ணைப் பற்றி நிச்சயமாக ஒன்றும் சொல்ல முடியாது என்றாள். பிறகு அத்தையைச் சோதித்தாள். ஒரு கிண்ணம் மாதிரி இருக்கிறதற்குள் முகத்தை வைத்து வெளிச்சப் பொட்டு தெரியும்போதெல்லாம் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும், அத்தை அமுக்கிக்கொண்டே தன் கல்யாணக் கதையைச் சொல்ல, அந்தச் சோதனைக்காரர், அம்மா, கண்ணுக்குத்தான் டெஸ்ட், வாய்க்கு இல்லை என்று கெஞ்சி, முதலிலிருந்து மறுபடி வைத்தார். முடிவு வந்தபோது ரேடியோவே நின்றுவிட்டது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பை அரித்திருக்கிறதாம், இடது கண்ணில் பக்கப் பார்வை பாதி போய்விட்டதாம். வலிக்காதாம், சிவக்காதாம், நேரே பார்ப்பது தெளிவாகவே இருக்குமாம், ஓரம்தான் முதலில் போகுமாம், போனது போனவருக்கே தெரியாதாம். போனதைத் திருப்பி வாங்க முடியாது, இருப்பதை மருந்து விட்டு நிறுத்தி வைக்கலாம் என்றாள். சீக்கிரம் பார்த்தால் ஆயுசு முழுக்கப் பார்வை நிற்கும் என்றாள். எழுதிக்கொண்டே தலை நிமிராமல் அந்த டாக்டர் கேட்டாள், "இவங்க அண்ணனுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?"

ஒரே மகன், வெளிநாட்டில் இருக்கிறான், முப்பத்துமூன்று வயசு என்று சொன்னேன். அவனைப் பார்க்கச் சொல்லுங்கள், இது ரத்த வழியில் வரும், எல்லோருக்கும் வரும் என்று இல்லை, ஆனால் பார்க்காமல் இருக்கக் கூடாது என்றாள். அத்தை இப்போது தினமும் இரண்டு வேளை சொட்டு மருந்து விடுகிறாள், எரிகிறது என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் விடுகிறாள், ஆனால் விடுகிறாள்.

அப்பா போன நாளைப் பற்றி நாம் இரண்டு பேரும் பேசியதே இல்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன். லேபுக்குப் போகச் சாலையைக் கடந்தார், இடது பக்கமிருந்து அந்த ஸ்கூட்டர் வந்தது. ஓட்டி வந்தவள் ஒரு நர்ஸ், வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள். ஹாரன் அடிச்சேன்மா, என் பக்கம் லேசாத் திரும்பினார்மா, ஆனா என்னைப் பார்த்த மாதிரியே இல்லைம்மா என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதாள். நான் அவளை என்னவெல்லாம் சொன்னேன் என்று உனக்குத் தெரியாது, நீ மறுநாள்தான் வந்து சேர்ந்தாய். உன் கை விளங்காமல் போக என்று சொன்னேன் தம்பி. எல்லோரும் அவர் ஏதோ யோசனையில் நடந்துவிட்டார் என்றார்கள். யோசனை இல்லை. அவருக்கு அந்தப் பக்கம் இல்லை. அந்த நர்ஸ் வீடு எங்கே என்று விசாரித்து வைத்திருக்கிறேன், போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், இன்னும் கால் எழவில்லை.

இப்போது உன் கதைக்கு வருகிறேன், கோபப்படாமல் கேள். போன மாதம் நீ போனில் அனுப்பிய ஏழு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மருமகள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிற படத்தில் அவள் முகம் அழகாக இருக்கிறது, இடது ஓரத்தில் கெட்டிலின் கைப்பிடி எட்டிப் பார்க்கிறது. தொட்டில் படத்தில் ஒற்றைச் செருப்பு. வாசல் படத்தில் யாருடையதோ முழங்கை. அப்பாவிடம் கேமரா பிடிக்கக் கற்றவன் நீ, ஓரத்தைப் பார்த்துவிட்டு நடுவைப் பார் என்று அவர் உன் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக் கொடுத்தார். அப்புறம் வேன் கண்ணாடி. நீ ஓட்டுகிற கம்பெனி வேனின் இடது பக்கக் கண்ணாடியை வாசல் கேட் தூணில் இடித்துவிட்டேன் என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னபோது, பின்னாலிருந்து மருமகள், இது ரெண்டாவது தடவை அத்தை என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அவசரத்தில் எடுத்த படமாக இருக்கலாம். தூண் நிஜமாகவே குறுக்கே இருக்கலாம். உன் லென்ஸில் நிஜமாகவே பூஞ்சை இருக்கலாம். நான் பயந்து பயந்து எல்லாவற்றிலும் பேயைப் பார்க்கிறேன் என்று நீ சொன்னால் இருக்கட்டும். ஆனால் ஒரு தடவை பார்த்தும் பேசாமல் இருந்தவள், இரண்டாம் தடவையும் பேசாமல் இருக்க முடியாது.

அதனால்தான் பெரியதை அனுப்பவில்லை. திருப்புளி மாமா கனம் சொன்னார், போகஸ் சொன்னார், அது எல்லாம் சரிதான், சின்னது குழந்தைக்குத் தாராளமாகப் போதும், ஜன்னல் பக்கமாகத் தொட்டிலைத் திருப்பிப் போட்டால் இன்னும் நல்லது. ஆனால் என் காரணம் வேறு. அந்தப் பெரியதைப் போட்டதும் அப்பாவுக்குக் கேமரா ஜன்னலில் கொஞ்சம் வெளிச்சம் கூடத் தெரிந்தது, பார்த்தாயா லென்ஸ்தான் மங்கியிருந்தது என்று சந்தோஷப்பட்டார், அந்தச் சந்தோஷத்திலேயே கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ஓடிவிட்டது. கண்ணுக்கு மருந்து விட வேண்டிய மனுஷன் கேமராவுக்கு லென்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டார். உனக்கும் அதை அனுப்பினால் நன்றாகத் தெரிகிறதம்மா என்று எழுதுவாய், நானும் மனசு ஆறிவிடுவேன், நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஏமாறுவோம். சின்னது உன்னை ஏமாற்றாது. அதை அப்பா கொடுத்து ஒரு தடவை, நான் கொடுத்து ஒரு தடவை சோதித்தாகிவிட்டது, ஒரு மாசு இல்லை. இதைப் போட்டுப் பார்த்தும் உனக்கு மங்கலாக இருந்தால் குறை லென்ஸில் இல்லை. அதற்காக நீ போட்டுப் பார்த்துவிட்டு நன்றாகத் தெரிகிறது என்று டாக்டரிடம் போகாமல் இருந்துவிடாதே. நன்றாகத் தெரிந்தாலும் போக வேண்டும், மங்கலாகத் தெரிந்தாலும் போக வேண்டும். கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படித்துவிட்டு வந்து எல்லாம் சரி என்று சொல்லாதே, எழுத்தை உன் அத்தையும்தான் கடைசி வரி வரைக்கும் படித்தாள். கண் அழுத்தம் அளக்க வேண்டும், மருந்து விட்டு உள்ளே நரம்பைப் பார்க்க வேண்டும், அந்தக் கிண்ணத்துக்குள் பொட்டு வெளிச்சம் பார்க்கிற சோதனையும் வேண்டும், மூன்றும் வேண்டும் என்று அந்த டாக்டர் விரல் விட்டுச் சொன்னாள். என் அப்பாவின் தங்கைக்கு இருக்கிறது என்று நீயே வாயைத் திறந்து சொல். மருந்து விட்ட அன்றைக்குச் சாயந்திரம் வரை கண் கூசும், வண்டி எடுக்காதே, மருமகளை அலைய விடாமல் சிநேகிதன் யாரையாவது கூட்டிக்கொண்டு போ.

நீ ஏன் போகத் தயங்குவாய் என்பதும் எனக்குத் தெரியும். வேன் ஓட்டுகிற வேலை, கண்ணில் குறை என்று எழுதிக் கொடுத்தால் சாவியை வாங்கி வைத்துக்கொள்வார்கள், குழந்தை வருகிற நேரத்தில் வேலை போனால் என்ன செய்வது என்று நினைப்பாய். நினைக்க வேண்டியதுதான். அது சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன், ஒரு கடையைக் காலி செய்து கொடுத்தவளுக்கு அது தெரியாதா. ஆனால் அந்த நர்ஸின் முகத்தை நான் பார்த்தேன் தம்பி. தப்பே செய்யாதவள் இத்தனைக்கும். நாளைக்கு உன் வேனுக்கு இடது பக்கமாக யாராவது ஒரு பெரியவர் இறங்கி, நீ பார்க்காமல் போனால், அந்த வராந்தாவில் நீ நிற்பாய், என்னை மாதிரி ஒருத்தி வந்து உன் கையைச் சபிப்பாள். வேலை போனால் வேறு வேலை. கிடங்கில் உட்கார்ந்து சாமான் எண்ணுகிற வேலை இருக்கிறது என்று நீயே ஒரு தடவை சொன்னாய். சோதனை முடிகிற வரைக்கும் லீவு கேள், முதுகு வலி என்று சொல், பொய் சொன்ன பாவம் எனக்கு வரட்டும்.

மருமகளே, நீ இதைப் படிக்கிறாய் என்று நம்பி உனக்கும் ஒரு வார்த்தை. என்னை மாதிரி இருக்காதே. அவன் தடுக்கினால் காலுக்கடியில் கிடந்ததை நகர்த்தி வைத்துவிட்டுச் சும்மா இராதே, தடுக்கிட்டீங்க என்று சொல். அவன் முகம் சுண்டினாலும் சொல், நீ வாயும் வயிறுமாக இருக்கிறாய், உன்னை எதிர்த்துப் பேச அவனுக்கு வாய் வராது. டாக்டரிடம் நாள் குறித்துவிட்டு எனக்கு ஒரு போன் போடு. அவன் போடுவான் என்று விடாதே, நீயே போடு.

இதற்கு மேல் எழுத விரல் மடங்கவில்லை, அத்தையும் எட்டிப் பார்த்து, அண்ணி, லென்ஸைவிடக் கடிதம் கனமாக இருக்கும் போல, சித்தப்பா கூடுதல் சுமைக்கு எங்கே போவார் என்கிறாள். தாயும் பிள்ளையும் இரண்டு உயிராகப் பிரிந்து சுகமாக வந்து சேர வேண்டும், நீங்கள் மூன்று பேரும் பெருவாழ்வு வாழ வேண்டும், உன் பிள்ளை நாலு திசையிலிருந்தும் ஓடி வர, எந்தப் பக்கமிருந்து வந்தாலும் நீ திரும்பிப் பார்த்துத் தூக்க வேண்டும். மறக்காதே, கண் டாக்டர், குழந்தை பிறக்கும் முன்னால், பிறந்த பிறகு உனக்கு நேரம் இருக்காது. போய்ப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை, எல்லாம் சுத்தமாக இருக்கிறது, படிப்பில்லாத பொம்பளை பேச்சைக் கேட்டு ஒரு நாள் சம்பளம் போச்சு, கண்ணெல்லாம் கூசிப் போச்சு, சித்தப்பாவையும் சுமை தூக்க வைத்தாய், மருமகளையும் அழ வைத்தாய் என்று உனக்கு வாய்க்கு வந்தபடி போன் போட்டு என்னைத் திட்டு. ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல மாட்டேன். முழுசாகக் கேட்டுக்கொள்வேன்.

அந்தத் திட்டு வாங்குவதற்காகவே போன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்,
உன் அம்மா.